தண்ணீர் வரும் நாள்

மே 20, செவ்வாய்

இந்த டைரி போன வருடத்தது. ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இன்று போன வீட்டில், பழைய பேப்பர் கட்டோடு வெளியே போட வைத்திருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை ஐயா பார்த்துவிட்டார். "வேணும்னா எடுத்துக்க அம்மணி" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேண்டும் என்கிறேனா வேண்டாம் என்கிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. கையில் வைத்துவிட்டுப் போனார். அச்சடித்த கிழமை பொருந்தவில்லை. அடித்துவிட்டு எழுதுகிறேன்.

சித்தி, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கிறாள். லாரி, தூக்குகிற ஆட்கள் எல்லாம் வேறு. வீட்டுக்குள் உட்கார்ந்து எது போகும், எது போகாது என்று பிரித்து, துணி சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது எங்கள் வேலை. வயதானவர்கள் பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன இடத்துக்குப் போகும்போது சித்தியைத்தான் கூப்பிடுகிறார்கள். செல்வநாயகி அவசரப்படுத்த மாட்டாள் என்று பேர். ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கதை சொன்னாலும் கேட்பாள். வெளியே வந்த பிறகு "ஸ்ஸப்பா" என்பாள்.

சாமான்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவோம். பச்சை புது வீட்டுக்கு. மஞ்சள் சொந்தக்காரர்களுக்கு. சிவப்பு பழைய சாமான் கடைக்கு.

இந்த வீடு சாயிபாபா காலனியில் இருக்கிறது. மாடி வீடு. ஐயா பேர் திருமூர்த்தி. மில்லில் மேனேஜராக இருந்தவர். கை நடுங்குகிறது. அவர் வீட்டுக்காரம்மா சுலோச்சனாம்மா வாக்கர் வைத்து நடக்கிறார். வைகாசி முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து, வாங்கியவரிடம் சாவி கொடுக்க வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச மாட்டார்களாம்.

எல்லாம் பேசி முடித்தபிறகு சுலோச்சனாம்மா சித்தியிடம் மெதுவாக, "நாயகி, இன்னொரு கலர் வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

சித்தி பையில் நீலம் இருந்தது. இதுவரை பிரித்ததே இல்லை.

"இது எங்கங்கம்மா போகுது?"

"அது வேற எடம்" என்று சொல்லிவிட்டு அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா ஜன்னலைப் பார்த்தார்.

மே 21, புதன்

அவர்களுக்கு ஒரு மகன் இருக்கிறார். ரங்கநாதன். எல்லோரும் ரங்கு என்கிறார்கள். தலையில் நரை விழுந்துவிட்டது, ஆனால் பேச்சு ஐந்து வயதுப் பையன் மாதிரி. நேற்று எங்களைக் கண்டு பயந்து மாடியிலேயே இருந்துவிட்டாராம். இன்று இறங்கி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து நான் கண்ணாடிச் சாமானுக்குப் பேப்பர் சுற்றுவதையே பார்த்தார். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பேப்பரை ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

கிளம்பும்போது கேட்டார். "நீ எத்தன தண்ணி இருப்பே?"

எனக்குப் புரியவில்லை. சித்தி சிரித்தாள். "தாரணி வாயத் தெறந்து பதில் சொல்றதுக்குள்ள ஆத்துத் தண்ணியே வத்திப்போகும் தம்பி."

மே 23, வெள்ளி

தண்ணி என்றால் என்ன என்று இன்று தெரிந்தது.

இந்தத் தெருவில் சிறுவாணித் தண்ணீர் தினமும் வராது. சில நாளுக்கு ஒரு முறை காலையில் வரும். குழாயில் முதலில் காற்று சீறும். அதைக் கேட்டதும் ரங்கண்ணா எங்கே இருந்தாலும் ஓடுவார். படிக்கட்டுக்குக் கீழே மோட்டார் ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு "தண்ணி வந்தாச்சு!" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். பிறகு மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டி பக்கத்திலேயே நிற்பார். நிரம்பியதும் "நெறஞ்சுருச்சு!" என்று இன்னொரு கத்தல். இறங்கி வந்து அணைப்பார். சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் அது அவர் வேலை. ஒரு தடவைகூடத் தொட்டி வழிந்தது இல்லை என்று சுலோச்சனாம்மா சொன்னார். சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்றால், மற்ற வீட்டில் பிள்ளை டாக்டர் ஆகிவிட்டான் என்பார்களே, அப்படி.

அவருக்கு வாரம், மாதம் எதுவும் கிடையாது. எல்லாம் தண்ணிதான். அவர் அக்கா அமுதா ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதற்கு எத்தனை தண்ணி, தீபாவளிக்கு எத்தனை தண்ணி. ஐயா ஒரு உத்தேசமாகச் சொல்லுவார், இவர் விரலை மடக்கி எண்ணுவார்.

சமையலறை பிரித்தோம். முப்பது இட்லி வேகிற சட்டி, கல்யாணத்துக்கு வந்த அண்டா, குத்துவிளக்கு ஜோடி. சுலோச்சனாம்மா நாற்காலியில் உட்கார்ந்து "மஞ்சள், மஞ்சள், சிவப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அமுதா அக்காவுக்கு வேண்டாமா என்று சித்தி கேட்டதற்கு, "அவ ஊட்டுல இதையெல்லாம் வச்சா அவளுக்கு நிக்க எடமிருக்காது" என்றார்.

சாப்பாட்டுத் தட்டு வந்தது. நான் மூன்று தட்டை எடுத்துப் பச்சை ஒட்டினேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. மூன்று பேர், மூன்று தட்டு என்று நானாக ஒட்டிவிட்டேன்.

சுலோச்சனாம்மா கையை நீட்டினார். மேல் தட்டை எடுத்து மடியில் வைத்து, பச்சையை நகத்தால் சுரண்டினார். அது சரியாக உரியவில்லை. ஓரம் கிழிந்து ஒட்டிக்கொண்டது. அதன் மேலேயே நீலத்தை ஒட்டச் சொன்னார்.

மே 24, சனி

பெட்டி தீர்ந்துவிட்டது. உக்கடம் போய் வாங்கி வந்தோம். வெயில்.

மே 27, செவ்வாய்

இன்று சித்தியிடம் எல்லாம் சொன்னார்கள். நான் அலமாரிக்குப் பின்னால் புத்தகம் கட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

அவர்கள் போகிற இடம் வயதானவர்களுக்கு என்றே கட்டிய அடுக்குமாடி. மருதமலைப் பக்கம். நர்ஸ் இருக்கிறார்கள், சாப்பாடு அறைக்கே வரும். அமுதா அக்கா அங்கிருந்தே பார்த்து ஏற்பாடு செய்தது. அறுபது வயது ஆனவர்கள்தான் இருக்கலாம். ரங்கண்ணாவுக்கு அறுபது ஆகவில்லை. அவரை மாதிரி ஆட்களுக்கான விடுதி பொள்ளாச்சி ரோட்டில் இருக்கிறது. அங்கே சேர்க்கிறார்கள். நீலம் அதுதான்.

ஐயா போனைத் தூக்கி வைத்துக்கொண்டு அமுதா அக்காவிடம் பேசினார். படம் ஆடியது, அவர் கை நடுங்குவதால்.

"இன்னொருக்கா கேட்டுப் பாரு சாமி. அவன் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டான்."

"கேட்டாச்சுப்பா. மூணு தடவ கேட்டாச்சு. ரூல் அப்படி. நீங்க இருக்கறப்பவே அவன் அந்த எடத்துக்குப் பழகிட்டா நல்லது. இல்லேன்னா நாளைக்கு யார் பாப்பா? நானா அங்கிருந்து வர முடியும்?"

"அதுவும் சரிதான்" என்றார் ஐயா. மறுபடியும், "அதுவும் சரிதான்."

தை மாதம் சுலோச்சனாம்மா குளியலறையில் விழுந்தபோது ஐயா பென்ஷன் வேலையாக வெளியே போயிருந்தார். ரங்கண்ணா பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரையும் கூப்பிடத் தெரியவில்லை. ஐயா வரும்வரை அப்படியே இருந்தார்கள். "தண்ணி மட்டும் மொண்டு மொண்டு வாய்ல ஊத்துனான்" என்றார் சுலோச்சனாம்மா. அன்றைக்குத்தான் முடிவு செய்தார்களாம்.

நான் புத்தகக் கட்டை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன்.

மே 29, வியாழன்

ரங்கண்ணா என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் வந்திருந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் ஏறி ஏறி வருவது வேடிக்கையாக இருந்தது. உள்ளே ஒரு துருக்கோடு உண்டு, அதைத் தொட்டதும் கத்த வேண்டும்.

"நீ சொல்லு" என்றார்.

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"சொல்லு, சொல்லு, வழிஞ்சுரும்!"

அவர் முகத்தில் அவ்வளவு பயம். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு "நெறஞ்சுருச்சு!" என்று கத்தினேன். எவ்வளவு சத்தம் வந்தது என்றால் எதிர்வீட்டு மாடியில் துணி காயப் போட்ட அம்மா திரும்பிப் பார்த்தார். ரங்கண்ணா கை தட்டிக்கொண்டே கீழே ஓடி மோட்டாரை அணைத்தார்.

கீழே வந்தபோது சித்தி கையில் டேப்போடு நின்றிருந்தாள். "அடிப்பாவி, அது நீயா? நான் யாரோ பக்கத்து ஊட்டுக்காரின்னு நெனச்சேன். ரெண்டு வருசமா இந்தத் தொண்டைய எங்கடி வச்சிருந்தே?"

ஐயாகூடச் சிரித்தார். மத்தியானம் எனக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

வேலை இல்லை. துணி துவைத்தேன்.

சித்தி மறுபடியும் அலமாரி பேச்சை எடுத்தாள். "அந்தப் பைல இருந்து எத்தன நாளைக்குடி எடுத்து எடுத்துப் போடுவே? ஊருக்கெல்லாம் பெட்டி கட்டறவ. உன்ற துணிய ஒரு தட்டுல வைக்கக் கூடாதா?"

என் பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதுவே வசதி. அம்மா வந்ததும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தாராபுரத்திலிருந்து என்னை இங்கே கொண்டுவந்து விட்டபோது "ஆடி முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அப்போது நான் எட்டாவது முடித்திருந்தேன். கொஞ்ச நாளுக்காக எதற்குப் பள்ளிக்கூடம் மாற்றுவது என்று சேர்க்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு ஆடி வந்துவிட்டது. எந்த ஆடி என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை, என்மேலும் தப்பு இருக்கிறது.

பையின் அடியில் ஒரு துணிக்கடைக் கவர் இருக்கிறது. அது அம்மாவுடையது. அவசரத்தில் என் பையில் வைத்துவிட்டாள். புதுத்துணி. அதை எடுக்கவாவது வர வேண்டும் இல்லையா. நான் பிரித்துப் பார்த்ததில்லை.

சாயங்காலம் சித்தி போனில் அம்மாவிடம் பேசினேன். அம்மா ஈரோட்டில் இருக்கிறாள். வேலை அதிகமாம். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை என்று அம்மா சொன்னாள். பாவம், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வேலை அதிகம் போல. எப்போது போன் செய்தாலும் அம்மாதான் அதைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

மாடி அறை முடிந்தது. மரக்கட்டிலுக்குச் சிவப்பு. ஐயா அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் பக்கத்து அறைக்குப் போய்விட்டோம்.

ஜூன் 4, புதன்

நீலப் பெட்டி கட்டினோம். ரங்கண்ணாவுடையது இரண்டே பெட்டி.

அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. "நாமெல்லாம் வேற ஊட்டுக்குப் போறோம்" என்று மட்டும் தெரியும். சுலோச்சனாம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சட்டை ஆறு. புதுச்சட்டை இரண்டு, அளவு பெரிசு. "அங்க சோறு நெறயப் போடுவாங்களாமா. உடம்பு வெச்சுரும்" என்றார். தீபாவளிக்கு என்று ஒரு வேட்டி. கடைசியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். மார்கழியில் அவருக்குச் சளி பிடிக்குமாம்.

ரங்கண்ணா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரைப் பார்த்ததும் சிரித்தார். "இப்ப வெயிலும்மா!"

"ஆமா கண்ணு, வெயில்தான்" என்று சொல்லிவிட்டு அதை அடியில் வைத்தார். மேலே துண்டு, சோப்பு, சீப்பு.

புதுசும் பெரிசும் அடியில், தினம் வேண்டியது மேலே. சரியாகத்தான் கட்டுகிறார். சித்தி எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான்.

தலை வலித்தது. சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

ஐயா என்னைக் கூப்பிட்டார்.  எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கூடத்தில் சோபா இல்லை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிதான். என்னையும் உட்காரச் சொன்னார். சித்தி நின்றாள்.

"அம்மணி, ரங்கு உன்னைய நம்பறான். நாங்க சொன்னா மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சர்றான். நேத்து அவங்கம்மா வாயெடுத்தா, அழுகை வந்துருச்சு. அவனும் அழுக ஆரம்பிச்சுட்டான். நீ சொல்லீரு."

என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"திங்கக்கிழம அவன மொதல்ல அங்க கொண்டுபோய் விட்டுர்றோம். 'ஒரே ஒரு தண்ணி இங்க இருங்க. அடுத்த தண்ணிக்கு அப்பா அம்மா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க'ன்னு சொல்லு. அவ்வளவுதான்."

சித்தி கேட்டாள். "அடுத்த தண்ணி வந்தா என்னங்கய்யா பண்றது?"

"அங்க போர் தண்ணி நாயகி" என்றார் ஐயா. "எப்பவும் வந்துட்டே இருக்கும். தண்ணி வர்ற நாள்னு ஒண்ணு கிடையாது. அவனுக்குத் தெரியாது. அப்படியே பழகிருவான்."

 சுலோச்சனாம்மா வாக்கரின் ரப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரும் வழியில் சித்தி, "ஒரு வார்த்ததானடி. நல்லதுக்குத்தான சொல்றோம்" என்றாள். 

ஜூன் 6, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 7, சனி

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லு என்றாள் சித்தி. நாளைதான் கடைசி.

தட்டிலிருந்த கிழிந்த பச்சை ஸ்டிக்கரை எண்ணெய் போட்டு எடுத்துவிட்டேன். இப்போது நீலம் மட்டும் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்குத் தண்ணீர் வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பூஜை அறை கட்டிக்கொண்டிருந்தபோது குழாயில் காற்று சீறியது. "தண்ணி வந்தாச்சு!" காலி வீட்டில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. சித்தி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

நான் மாடிக்குப் போனேன். ரங்கண்ணா தொட்டி பக்கத்தில் நின்றிருந்தார். தண்ணீர் பாதிக்கு வந்திருந்தது. நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் படி ஏறினேன். ஒரே ஒரு தண்ணி இருங்க அண்ணா. அடுத்த தண்ணிக்கு வந்துருவாங்க. சின்ன வாக்கியம்.

"ரங்கண்ணா."

திரும்பினார். நானாக அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சந்தோஷம்.

"நாளைக்கு உங்கள ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. உங்கள மாதிரி நெறயப் பேரு இருப்பாங்க. அம்மா அப்பா வேற எடத்துல இருப்பாங்க."

"எத்தன தண்ணி?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு தண்ணி என்று சொல்லத்தான் திறந்தேன். அவர் அதற்குள் ஒரு விரலைப் பிடித்து மடக்கத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

"எண்ணாதீங்கண்ணா" என்றேன்.

"ஏன்?"

"கூட்டிட்டுப் போறதுக்கு வரமாட்டாங்க. பாக்கறதுக்குத்தான் வருவாங்க. பாத்துட்டு அவங்க போயிருவாங்க. நீங்க அங்கயேதான் இருக்கணும். எண்ணீட்டே இருந்தீங்கன்னா..."



அவர் விரலை விடவில்லை. தொட்டியைப் பார்க்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துருக்கோட்டைத் தண்ணீர் தாண்டுவது எனக்குத் தெரிந்தது. கத்த வேண்டும் என்று தெரியும். எனக்கும் சத்தம் வரவில்லை. தண்ணீர் விளிம்புக்கு வந்து, வழிந்து, எங்கள் காலை நனைத்து, மொட்டைமாடி முழுக்கப் பரவி, படியில் இறங்க ஆரம்பித்தது.

கீழே இருந்து சித்தி கத்தினாள். ஐயா கத்தினார். யாரோ மோட்டாரை அணைத்தார்கள். கடைசிப் படியில் சுலோச்சனாம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலிருந்து படிப்படியாகத் தண்ணீர் இறங்கி அவர் பாதத்துக்கு வந்தது. அவருக்கு அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

ரங்கண்ணா இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றார். "வரமாட்டாங்கன்னு தாரணி சொல்றா."

சித்தி என் கையைக் கிள்ளினாள். ஐயா, "என்ன காரியம் பண்ணிப்போட்டே அம்மணி" என்றார். திட்டுகிற மாதிரிகூட இல்லை. மூச்சு வாங்கினார்.

சுலோச்சனாம்மா வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஈரப் படியிலேயே மெதுவாக உட்கார்ந்தார். இடுப்பில் கம்பி வைத்தவர். சித்தி ஓடி வந்து பிடித்தாள். மகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அவ சொன்னது நெசம் சாமி. அம்மாவால உன்னையப் பாத்துக்க முடியல. நான் விழுந்தா உன்னால தூக்க முடியாது. நீ விழுந்தா என்னால தூக்க முடியாது. அதான். வேற ஒண்ணுமில்ல. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

"நான் மோட்டார் போடறேன்" என்றார் ரங்கண்ணா.

"ஆமா. நல்லாப் போடுவே."

"இன்னைக்கு மட்டும்தான் வழிஞ்சுருச்சு."

"ஆமா சாமி. இன்னைக்கு மட்டும்தான்."

"இனிமே வழியாது."

 சுலோச்சனாம்மா மகன் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். நானும் சித்தியும் துணி போட்டுப் படியைத் துடைத்தோம். அவர்கள் உட்கார்ந்திருந்த படியை மட்டும் விட்டுவிட்டோம்.

ரங்கண்ணா மத்தியானம் சாப்பிடவில்லை. பேப்பர் பிரித்துக் கொடுக்கவும் வரவில்லை. நான் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யைச் சொல்லியிருந்தால் இன்றைக்காவது சாப்பிட்டிருப்பார்.

ஜூன் 9, திங்கள்

முதலில் நீலம் ஏற்றினார்கள். இரண்டு பெட்டி, ஒரு மெத்தை. அந்தப் பெரிய வண்டியில் அது ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை.

ரங்கண்ணா காரில் ஏறமாட்டேன் என்று அடம் பிடிப்பார் என்று இரண்டு ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் அடம் பிடிக்கவில்லை. குளித்து, சட்டை போட்டு, தலை வாரி, படிக்கட்டுக்குக் கீழே போய் மோட்டார் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தார். போடவில்லை. அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பிறகு வந்து ஏறிக்கொண்டார்.

கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். "நீ வருவியா?"

வருவேன் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. பொள்ளாச்சி ரோட்டுக்கு எந்த பஸ் என்றுகூட எனக்குத் தெரியாது.

"தெரியலண்ணா" என்றேன்.

யோசித்தார். "தெரியல" என்று அவரும் சொன்னார். விரலை மடக்கவில்லை. கார் திரும்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனார். ஐயா முன்சீட்டில் இருந்தார், திரும்பவில்லை. சுலோச்சனாம்மா பின்சீட்டில் மகன் கையைப் பிடித்திருந்தார்.

மத்தியானம் மருதமலைப் பக்கத்துப் புது வீட்டில் பச்சைப் பெட்டிகளை இறக்கினோம். அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. அழுது முடித்த முகம். 

எந்த வீடானாலும் ஒரு பெட்டியைக் கடைசியில் கட்டி முதலில் பிரிப்போம். உப்பு, மஞ்சள், விளக்கு, சாமி படம், பால் காய்ச்சப் பாத்திரம். சித்தி விளக்கேற்றி வைத்தாள். சுலோச்சனாம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பால் காய்ச்சினார். சின்ன அடுப்பு. பால் பொங்கியது. டம்ளர் இரண்டுதான் வந்திருந்தது. ஊற்றியும் பாத்திரத்தில் சரியாக ஒரு டம்ளர் பால் மிச்சம் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அளந்து ஊற்றிய கை அவருடையதுதான்.

அதை அப்படியே பாத்திரத்தோடு என்னிடம் நீட்டினார். "குடி தாரணி."

குடித்தேன்.

"உங்கம்மா எங்க இருக்காங்க?"

"ஈரோட்டுலங்க."

"எப்ப வருவாங்க?"

ஆடி முடிஞ்சதும் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அது வாயில் தயாராக இருக்கும்.

"தெரியலீங்க" என்றேன்.

சித்தி டேப்பைக் கிழிப்பதை நிறுத்தினாள். சுலோச்சனாம்மா என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, முந்தானையால் என் வாயைத் துடைத்தார்.

ஜூன் 12, வியாழன்

அடுத்த வீடு பீளமேட்டில். வைகாசி முடிவதற்குள் என்று எல்லோருக்கும் அவசரம்.

சுலோச்சனாம்மா போன் செய்தாராம். ரங்கண்ணா முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் சாப்பிட்டார். அங்கே ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறதாம், அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறார்கள். பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்களாம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்துவிட்டது. வேலை இல்லை.

காலையில் சித்தியிடம் கேட்டேன். "அலமாரியில எனக்கு ஒரு தட்டு தர்றீங்களா?"

சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அலமாரியைத் திறந்தாள். இரண்டாவது தட்டு காலியாக இருந்தது. நான் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. செய்தித்தாள் விரித்து வைத்திருந்தாள். தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதில் பெரிய எழுத்தில் ஆடித் தள்ளுபடி விளம்பரம். மூலையில் வருடம் போட்டிருந்தது. நான் வந்த வருடம்.

சித்தி அந்தத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேற பேப்பர் போடட்டுமா?"

"வேண்டாஞ் சித்தி."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அரிசி களைகிற சத்தம் வரவில்லை.

பையை இழுத்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். மேலே தினம் போடுகிறது. நடுவில் எட்டாவது யூனிபார்ம், எனக்கு ஆகாது, சிவப்பு ஸ்டிக்கர்தான். அடியில் அந்தத் துணிக்கடைக் கவர். அம்மாவுடையது என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் பிரித்தேன்.

சுடிதார். கத்திரிப்பூ நிறம், கழுத்தில் வெள்ளைப் பூ. தாராபுரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தொங்கியதை நான் நின்று பார்த்த நிறம். அம்மாவின் தோளுக்கு இது பத்தாது. எட்டாவது முடித்த எனக்குத் தொளதொளவென்று இருந்திருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். தோள் சரியாக இருந்தது. கை சரியாக இருந்தது. இடுப்பும் சரி.

குனிந்து கீழ் மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இன்னும் நாலு விரல் துணி விட்டு அம்மா மடித்துத் தைத்திருக்கிறாள்.